நாற்பத்து நான்கு படங்களும் ஒரு பொழிக்கல்லும்

பூவனநாதன் வண்ணம் வாங்கப் போனால் கறுப்பு மட்டும் வாங்கமாட்டார். கோவில்பட்டி பஜாரில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கும் முத்துசெல்வத்துக்கு இது தீராத வேடிக்கை.

“கரிசக்காட்டுக்காரரு கறுப்பு இல்லாம என்னத்த வரையுதீரு?”

“கரிசல் கறுப்புன்னு உமக்கு யாரு சொன்னா?”

ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி, இதே பதில். சித்திரையில் அந்த மண் அடுப்புச் சாம்பல் நிறம். கோடை உழவு போட்டுப் புரட்டியதும் வறுத்த காப்பிக்கொட்டை. கார்த்திகை மழையில் ஊறிவிட்டால் குளத்திலிருந்து எழுந்து வந்த எருமையின் முதுகு, வெயில் பட்ட இடத்தில் ஒரு நீலம் ஓடும். தை பிறந்து பனி விழுந்தால் அதன்மேல் மெல்லிய வெள்ளை படியும். நீலத்தையும் அரக்கையும் குழைத்தே இத்தனையையும் அவர் எடுத்துவிடுவார். கறுப்பு டப்பாவைத் திறந்தவன் கரிசலைப் பார்க்காதவன் என்பது அவர் கட்சி.

பெருமைப்பட அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது. பிறந்தது புதூர் பக்கம் சடையன்பட்டி. அப்பாவுக்கு எட்டு ஏக்கர் மானாவாரி நிலம், இரண்டு மகன்கள். மூத்தவர் சோலைச்சாமி பதினைந்து வயதில் படிப்பை விட்டுக் காட்டுக்குப் போனார். இளையவருக்குப் படம் வரைய வந்தது. மதுரைக்குப் போய் இரண்டு வருஷம் படித்துத் தேர்வெழுதி, பக்கத்தூர் நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர் ஆனார். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. நிரந்தரமாகும், இந்த வருஷம் ஆகும், அடுத்த வருஷம் ஆகும் என்றே தலை நரைத்தது. ஊரில் அவருக்கு ‘அரைநாள் வாத்தியார்’ என்று பெயர். மனைவி சுதாராணி தினமும் ஆபீஸ் வேனில் ஏறிக் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் வந்ததால் அடுப்பு எரிந்தது. நிலத்தில் அவர் பங்கையும் அண்ணனே உழுதார். அதற்காக வருஷா வருஷம் கம்பும் பருப்பும் வந்து இறங்கும், கூடவே பேச்சும் வந்து இறங்கும்.

“ஊரெல்லாம் காட்டுல களை எடுக்கும். எந்தம்பி களையைப் படம் எடுப்பான்” என்பார் சோலைச்சாமி, டீக்கடையில், தம்பி காதுபட.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரையில் பூவனநாதன் அந்த வேலையைத் தொடங்கினார். ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே பக்கம் பார்த்து, வருஷத்துக்கு நான்கு படம். சித்திரை, ஆடி, கார்த்திகை, தை. பைண்டிங் அட்டையில் போஸ்டர் கலர். பின்பக்கம் மாதமும் வருஷமும். அரைநாள் ஆள் முழுசாகச் செய்கிற ஒரு காரியம் அது, அவ்வளவுதான்.

அவர் உட்கார்ந்த இடம் ரோட்டோரம் கிடந்த உடைந்த ஆட்டுரல். அதில் உட்கார்ந்தால் எதிரே ஒரு சின்னத் தோட்டம். ஒரு வேம்பு, பத்து முழ ஆழக் கிணறு, நாலு பாத்தி கனகாம்பரம், ஓரமாகக் கேந்திப் பூ, இரண்டு முருங்கை. சுற்றிலும் உப்புத் தண்ணீர் ஊறும் மண்ணில் அந்த ஒரு கிணற்றில்தான் நல்ல தண்ணீர் ஊறியது. தோட்டத்துக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டுமட்டும் காடு. மக்காச்சோளம், உளுந்து, கொத்தமல்லி என்று மாறி மாறி நிற்கும், மழை ஏய்த்த வருஷம் ஒன்றுமே நிற்காது. சித்திரையில் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது இந்தத் தோட்டம் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் பூத்துக்கொண்டு நிற்கும். படம் வரைகிறவன் கண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தோட்டம் வெள்ளைத்தாயுடையது. அவள் புருஷன் பாண்டியராஜன் இவர்களுக்குப் பங்காளி, பூவனநாதனுக்கு அண்ணன் முறை. கிணறு அவன் கைப்பட வெட்டியது. தோட்டத்துக்கு அந்தப்பக்கம் அவர்களுக்கு இரண்டு ஏக்கர். ரோட்டிலிருந்து அதற்குப் போகத் தோட்டத்தைத் தாண்டித்தான் வழி. தாத்தா காலத்தில் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்ட நிலம். பட்டா கூட்டாகவே கிடந்தது, தாலுகா ஆபீஸ் வரைபடத்தில் உள்பிரிவுக் கோடு கிடையாது. அண்ணன் நிலம் இது, பாண்டியராஜன் நிலம் அது என்று சொல்ல முழங்கால் உயரத்துக்கு ஒரே ஒரு பொழிக்கல்தான் இருந்தது. வேம்புக்கு இடது பக்கம், பத்து எட்டுத் தூரத்தில். கல்லுக்கு அந்தப்பக்கம் அண்ணன் காடு.

அந்தக் கல்லைத்தான் பூவனநாதன் முதல் படத்திலேயே இடம் மாற்றினார்.

அதில் சூது ஒன்றும் இல்லை. உரலில் உட்கார்ந்து பார்த்தால் காட்டோரத்துப் பனை, வேம்பு, கல் எல்லாம் இடது பக்கமே அடைந்து கிடந்தன. வலது பக்கம் வெறும் வெளி. மதுரையில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஒரு பக்கம் கனத்தால் மறுபக்கம் ஒரு கல்லையாவது தூக்கி வை என்று வாய்க்கு வாய் சொல்வார். பூவனநாதன் அதைச் சொன்னபடியே செய்தார். கல்லை எடுத்துத் தோட்டத்துக்கு வலது பக்கம் வைத்தார். படம் தராசுபோல நின்றது. படத்தின்படி பார்த்தால் வேம்பும் கிணறும் பாத்தியும் சோலைச்சாமி நிலத்துக்குள் வந்திருந்தன. ஆனால் படத்தின்படி யார் நிலம் பார்க்கிறார்கள்? அப்படியே பதின்மூன்று படம் போட்டார்.

மூன்றாம் வருஷம் கார்த்திகையில் பாண்டியராஜன் காட்டில் நின்றபோது இடி விழுந்து செத்துப்போனான். அதன்பிறகு எட்டு மாதம் வெள்ளைத்தாய் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை. மகள் விஜியைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு வருவாள், தண்ணீர் இறைப்பாள், பூப்பறிப்பாள், புதூர் பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் விற்பாள். உரலில் உட்கார்ந்திருக்கும் கொழுந்தனுக்கு ஒரு செம்பு தண்ணீர் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவாள்.

நான்காம் வருஷம் ஆடி. காற்றில் அட்டை பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் கல் வைத்து வரைந்துகொண்டிருந்தார். செம்பை வைத்தவள் முதல்முறையாகக் குனிந்து பார்த்தாள்.

“கொழுந்தப்பிள்ளை, இது என்னது?”

“பொழிக்கல்லு மயினி.”

“அது அங்கனல்லா கெடக்கு! இங்கன எப்ப வந்துச்சு? நான் தூங்கையில தூக்கி வச்சீரா?”

“படத்துக்கு அழகா இருக்கட்டும்னு...”

“நல்ல அழகு! உங்க அண்ணன் பத்து வருசமா மனசுல நெனைச்சதை நீரு ஒரு பிரஷ்ல முடிச்சிட்டீரே. ஏட்டி விஜி, வந்து பாரு, நம்ம கெணறு பெரியப்பா வீட்டுக்குப் போயிட்டு!”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். விஜியும் சிரித்தாள். பூவனநாதனுக்குக் கூச்சமாகவும் இருந்தது, எட்டு மாதம் கழித்து அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்ததில் மனசு குளிர்ந்தும் போனது. அந்த இடத்திலேயே கல்லை அழித்து, வேம்புக்கு இடது பக்கம், அது கிடந்தபடி வரைந்தார். பதினான்காவது படத்திலிருந்து நாற்பத்து நான்காவது படம் வரை கல் தன் இடத்திலேயே கிடந்தது. சில படங்களில் குடத்தோடு வெள்ளைத்தாயும் வந்தாள், பெருவிரல் நகம் அளவுக்கு.

சோலார் கம்பெனி வந்தது போன வருஷம். புதூர் வட்டாரமெங்கும் ஊர் ஊராக வந்ததுபோலச் சடையன்பட்டிக்கும் வந்தது. நாற்பது ஏக்கர் ஒரே வளைவாக வேண்டும், நடுவில் ஓட்டை கூடாது, கிடைத்தால் முப்பது வருஷக் குத்தகை, இல்லையென்றால் அடுத்த ஊருக்குப் போகிறோம் என்றார்கள். மழையை நம்பி நம்பி மண்டை காய்ந்துபோன சனம், கையெழுத்துப் போட வரிசையில் நின்றது. வெள்ளைத்தாய் மட்டும் மாட்டேன் என்றாள். அவள் தோட்டம் அந்த நாற்பதுக்கும் நட்டநடுவில் வாசல்போல இருந்தது.

ஊரில் பெரியவர் ராமசுப்பு நேரில் போய்ப் பேசினார். அவருக்கும் அதில் ஆறு ஏக்கர் சேர்மானம்.

“ஏம்மா, வருசம் பூரா தண்ணி எறைச்சுக் கையெல்லாம் காப்புக் காய்ச்சிக் கெடக்கே. கெடக்கிற காசை வாங்கிட்டு நெழல்ல இரியேன்.”

“நெழல்லதான இருக்கேன் மாமா, வேம்பு இருக்கே.”

“ஒருத்தியால ஊரே கெட்டுப்போகும்.”

“ஊரு எனக்கு ஒரு குடம் தண்ணி எறைச்சுக் குடுத்துச்சா? நான் ஏன் ஊருக்காகக் கெணத்தை மூடணும்?”

மறு வாரம் சோலைச்சாமி தன் காட்டில் வேலிக்கருவையைத் தூரோடு பிடுங்க ஜேசிபி கொண்டுவந்தார். அது போகிற போக்கில் பொழிக்கல்லையும் பிடுங்கிப் போட்டுவிட்டது. “டிரைவரு பாக்கலை” என்றார் சோலைச்சாமி. கல்லைத் திரும்ப நடலாம் என்று வந்தபோது அவர் காட்டிய இடம் தோட்டத்துக்கு வலது பக்கம். வெள்ளைத்தாய் மண்வெட்டியைத் தூக்கிவிட்டாள். தோட்டம் சோலைச்சாமிக்குப் போனால் பின்னால் இருக்கும் இரண்டு ஏக்கருக்கு வழி கிடையாது. வழி இல்லாத காட்டை வேலி போட்ட கம்பெனிக்குக் கொடுப்பதைத் தவிர வேறு போக்கு இல்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஊருக்கும் தெரியும். ஊர்க்கூட்டம் போட்டுப் பேசித் தீர்க்கலாம் என்றார் ராமசுப்பு.

இந்தச் சண்டைக்கும் தனக்கும் தொடர்பு இல்லை என்று பூவனநாதன் நினைத்துக்கொண்டிருந்தார். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுதாராணி பரணில் இருந்த படங்களைப் பூச்சி அரிக்காமல் இருக்க எடுத்து முற்றத்தில் வெயிலில் பரப்பினாள். வருஷ வரிசைப்படி, பாய் விரித்ததுபோல. பருப்பு மூட்டையோடு வந்த சோலைச்சாமி அதை மிதிக்காமல் சுற்றிப் போனார், நின்றார், திரும்பி வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பதினோரு வருஷத்தில் தம்பி படத்தை அவர் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான்.

“ஏலே நாதா, இது எந்த வருசத்துப் படம்?”

“பின்னால எழுதியிருக்கு அண்ணே. மொத வருசம் ஆடி.”

“இது?”

“அஞ்சாம் வருசம் தை.”

“இதுல கல்லு இந்தப் பக்கம் இருக்கு. அதுல அந்தப் பக்கம் இருக்கு. பாண்டியராஜன் செத்தது எப்ப?”

“அண்ணே, அது சும்மா. படம் ஒரு பக்கம் கனத்துப் போச்சுன்னு நான்தான் கல்லை...”

“நீதான் கல்லை?”

“மாத்தி வச்சேன். அழகுக்கு.”

சோலைச்சாமி எழுந்து வேட்டியைத் தட்டினார். கோபப்படவில்லை, சிரித்தார். “அழகுக்கா? சரி. ஊர்ல கேட்டா அப்படியே சொல்லு. பதினோரு வருசமா வெயில்ல உக்காந்து இஷ்டத்துக்கு ஒண்ணை வரைஞ்சேன், கண்ணால பாத்ததை இல்லைன்னு சொல்லு. நாங்கூட இத்தனை நாளு இவன் பாத்துத்தான் வரையுதான்னு நெனைச்சேன்லே.” படங்களை ஒவ்வொன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டார். முத்திரைத்தாளை எடுப்பதுபோல ஓரத்தில் மட்டும் பிடித்து எடுத்தார்.

“படத்தைக் குடுத்து விட்டுட்டு நிக்கீங்களே” என்றாள் சுதாராணி.

“அண்ணன் கேக்கும்போது என்ன செய்ய?”

“கூட்டத்துல உண்மையைச் சொல்லிருங்க. அவ்வளவுதான்.”

“சொல்லுவேன்” என்றார். சொல்லத்தான் நினைத்திருந்தார்.

கூட்டம் புதன்கிழமை சாயங்காலம் சமுதாயக் கூடத்தில். பூவனநாதன் உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டார். தூணுக்குத் தூண் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப் மாட்டி, நாற்பத்து நான்கு படங்களையும் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஊர் முழுக்க அதன் முன்னால் நின்றது. பள்ளிக்கூடத்தில்கூட அவர் படம் ஒன்று சுவரில் ஏறியதில்லை. இங்கே பதினோரு சித்திரையும் பதினோரு கார்த்திகையும் காற்றில் ஆடின. கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் காடு காய்ந்து, புழுதி பறந்து, நனைந்து, பூத்து, மறுபடி காய்ந்தது.

“ஏய், இங்க பாரு, நம்ம கம்பு பால் பிடிச்ச வருசம்!”

“இது மழை ஏய்ச்ச கார்த்திகை. வெறுங்காடு. எம்மகளுக்குக் கல்யாணம் தள்ளிப்போச்சே அந்த வருசம்.”

“இசக்கிபாண்டி, உன் கெடா நிக்கு பாருலே, கொம்பு மொதக்கொண்டு!”

“எங்க? அட ஆமா! களவாணிக் கழுதை, உளுந்தைத் தின்னுக்கிட்டுல்லா நிக்கு!”

சிரிப்பு. ஒருவர் அவர் தோளைத் தட்டினார். டீக்கடைக்காரர், ‘அரைநாள்’ என்று கூப்பிடுகிற அதே ஆள், “போட்டோல்லாம் உம்மகிட்டப் பிச்சை வாங்கணும் வாத்தியாரே” என்றார். பூவனநாதனுக்குக் காது சூடேறியது. நாற்பத்தைந்து வயதில், அவர் பார்க்க ஆசைப்பட்டதெல்லாம் அந்தக் கூடத்துக்குள் ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருந்தது.

ராமசுப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். சோலைச்சாமி ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, வாத்தியார்போல, படம் படமாகக் காட்டினார். “மொத வருசம், கல்லு வலப்பக்கம். ரெண்டாம் வருசம், வலப்பக்கம். மூணாம் வருசம், வலப்பக்கம். தம்பி பாண்டி நம்ம எடத்துலதான் கெணறு வெட்டுனான். பாவம், தாயாதின்னு விட்டோம். அவன் போய்ச் சேந்தான். மறு ஆடியில பாருங்க, கல்லு இடப்பக்கம் வந்துட்டு. கல்லுக்குக் காலு மொளைச்சிருக்கு.”

கூட்டம் வெள்ளைத்தாயைத் திரும்பிப் பார்த்தது. அவள் பஸ் ஸ்டாப்பிலிருந்து நேரே வந்திருந்தாள், பூக்கூடை காலடியில் இருந்தது. பக்கத்தில் விஜி, பஞ்சாலைச் சீருடையில். வெள்ளைத்தாயின் முகத்தில் பயம் இல்லை. அவள் உண்மையில் லேசாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

“மாமா, இதுக்கா இம்புட்டுக் கயிறு? அந்தக் கல்லை மாத்துனது நான் இல்லை, இந்தா நிக்காரே எங்க கொழுந்தப்பிள்ளை, அவரு. பிரஷ்ல மாத்துனாரு. அழகுக்காம்! நான்தான் கேலி பண்ணித் திருத்தச் சொன்னேன். எம்மகளுக்கும் தெரியும். அவரையே கேளுங்க, அவரு பொய் சொல்ல மாட்டாரு.”

ராமசுப்பு பூவனநாதன் பக்கம் திரும்பினார். “என்னப்பா? நீ பாத்ததை வரைஞ்சியா, மனசுல தோணுனதை வரைஞ்சியா?”

கிளிப்பில் ஒரு படம் காற்றில் தட்டிக்கொண்டிருந்தது. பூவனநாதன் கயிற்றைப் பார்த்தார். மனசில் தோன்றியதை என்று சொன்னால் போதும், தோட்டம் அவளுக்கு. அப்புறம் இந்த நாற்பத்து நான்கும்? கடா, கம்பு, வெறுங்காடு, மழை எல்லாமே இஷ்டத்துக்கு வரைந்தது என்றாகிவிடும். கல்லையே தூக்கி வைத்தவன் கடாவை வைக்க மாட்டானா என்று முதலில் கேட்கப்போவது டீக்கடைக்காரர்தான். இத்தனை கண்களும் இப்போது பார்க்கிற பார்வை போய், பழைய பார்வை திரும்பிவிடும்.

“பாத்ததைத்தான் வரைஞ்சேன்” என்றார்.

“நல்லாக் கேக்கலை.”

“கண்ணால பாத்ததைத்தான் வரைஞ்சேன் அண்ணாச்சி. எல்லாப் படத்துலயும்.”

விஜி “சித்தப்பா!” என்று கத்தினாள். கத்தியதோடு நிற்கவில்லை, ஓடிப்போய் ஒரு படத்தைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேர் அவள் கையைப் பிடித்து விலக்கினார்கள். “படத்துக்குச் சேதம் வராம பாத்துக்கோங்கப்பா” என்றார் சோலைச்சாமி.

வெள்ளைத்தாய் அசையவில்லை. சிரிப்பு முகத்திலிருந்து போக நேரமெடுத்தது. பூக்கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

“சரி கொழுந்தப்பிள்ளை. அந்தப் படத்துல நானும் இருக்கேனே, குடத்தோட. என்னையும் எங்கயாச்சும் தூக்கி வச்சிக்கிடும். உமக்குத்தான் கை வருதே.”

அன்று ராத்திரி சுதாராணி சோறு வைத்தாள், குழம்பு வைத்தாள். வார்த்தை ஒன்றும் வைக்கவில்லை.

படங்கள் திரும்பி வந்து பரணில் ஏறின. பங்குனியில் வேம்பை வெட்டினார்கள். கிணற்றுக்குள் ஜேசிபி மண்ணைத் தள்ளியது. நல்ல தண்ணீர் ஊறுகிற கிணறு, மண் விழ விழக் கொஞ்ச நேரம் கொப்பளித்துவிட்டுத்தான் அடங்கியது. கனகாம்பரப் பாத்தியை யாரும் பிடுங்கவில்லை. பிடுங்க வேண்டியிருக்கவில்லை, ஒரு வாரம் தண்ணீர் இல்லையென்றதும் தானாகக் கருகியது. வழி அடைபட்ட இரண்டு ஏக்கரையும் கம்பெனி சொன்ன குத்தகைக்கு, மற்றவர்களுக்குக் கொடுத்ததில் பாதிக்கு, வெள்ளைத்தாய் கொடுத்தாள். கோவில்பட்டியில் விஜியின் பஞ்சாலைக்குப் பக்கம் ஒற்றை அறை பிடித்துக் குடியேறினாள். கோர்ட்டுக்குப் போகலாமே என்று யாரோ சொன்னதற்கு, “படத்தைக் காட்டுவாக. என்கிட்ட என்ன படம் இருக்கு?” என்றாளாம்.

சித்திரை பிறந்ததும் பூவனநாதன் அட்டையை எடுத்துக்கொண்டு போனார். பழக்கம். உரல் கிடந்த இடத்தில் கம்பிவேலி. வேலிக்கு அந்தப்பக்கம் தரை மட்டமாக்கப்பட்டு, இரும்புக் கால்கள் வரிசை வரிசையாக நட்டிருந்தன. மண் சாம்பல் நிறமாக இருந்தது, எப்போதும்போல. ஆனால் அதை எதற்கு எதிரே வைத்துக் காட்டுவது? ஆரஞ்சு இல்லாமல் அந்தச் சாம்பல் வெறும் சாம்பலாகக் கிடந்தது. ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வெற்று அட்டையோடு திரும்பினார்.

வைகாசியில் ஒருநாள் சுதாராணி வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “வெள்ளைத்தாயக்கா எங்க தீப்பெட்டி ஆபீசுலதான் வேலைக்குச் சேந்திருக்கு. எனக்கு நேர் எதுத்தாப்புல உக்காந்து பெட்டி அடைக்கி.”

“ஏதும் சொல்லுச்சா?”

“எல்லாம் பேசுச்சு. தண்ணி வரலைன்னுச்சு, விஜிக்கு நைட் ஷிப்டுன்னுச்சு, எனக்கு ஊறுகாய் குடுத்துச்சு. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. திட்டவும் இல்லை. செத்தவுக பேரை எடுக்காம பேசுவாக பாருங்க, அப்படி.” அவள் முகம் கழுவப் போனாள். “தெனம் எட்டு மணி நேரம் நான் அந்த முகத்தைப் பாத்துக்கிட்டு உக்காரணும்.”

இரண்டு நாள் அந்தப் பேச்சு அவரைச் சும்மா விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ராமசுப்பு வீட்டுக்குப் போனார். உண்மையைச் சொல்லிவிடுவது. ஊர் காறித் துப்பட்டும். படத்தையெல்லாம் பொய் என்று சொல்லட்டும். கிணற்றைத் திரும்ப வெட்ட முடியாது, ஆனால் அவள் கல்லைத் திருடியவள் என்ற பேச்சையாவது துடைத்துவிடலாம். அதற்குத் தன் பதினோரு வருஷத்தையும் கொடுத்துவிடத் தீர்மானித்திருந்தார். போகிற வழியில் அந்தத் தீர்மானம் அவருக்கே கொஞ்சம் பெரியதாகத் தெரிந்தது. நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

ராமசுப்பு வீட்டைப் புதுப்பித்திருந்தார். தரையெல்லாம் கிரானைட், சுவரில் பெயிண்ட் வாடை. “வாரும் வாத்தியாரே, உக்காரும்” என்றார். கூட்டத்துக்குப் பிறகு ஊரில் எல்லோரும் அவரை மரியாதை வைத்துத்தான் கூப்பிட்டார்கள்.

“அண்ணாச்சி, அந்தக் கல்லு விஷயம்...”

“எந்தக் கல்லு?”

“பொழிக்கல்லு. மொத பதிமூணு படத்துலயும் நான்தான் எடம் மாத்தி வரைஞ்சேன். கல்லு எப்பவும் வேம்புக்கு இடப்பக்கம்தான் கெடந்துது. வெள்ளைத்தாய் மயினி சொன்னது நெசம். அன்னைக்கு நான் சொன்னது பொய்.”

ராமசுப்பு டீயை ஊதி ஒரு மடக்குக் குடித்தார்.

“சரி.”

“நான் பொய் சொல்லிட்டேன் அண்ணாச்சி.”

“சரிங்கேன்லா. அதுக்கு இப்ப என்ன?” டம்ளரைக் கீழே வைத்தார். “எனக்கு அறுபத்தெட்டு வயசு. அந்தக் கல்லுல உக்காந்துதான் சின்னப்பிள்ளையில கூழு குடிப்பேன். அது எங்கன கெடந்துதுன்னு நீரு படம் போட்டுத்தான் எனக்குத் தெரியணுமாக்கும்? எனக்குத் தெரியும், உங்க அண்ணனுக்குத் தெரியும், இசக்கிபாண்டிக்குத் தெரியும், அவன் ஆட்டுக்குத் தெரியும்.”

“அப்ப அன்னைக்குக் கூட்டத்துல...”

“ஒரு தாலியறுத்தவ காட்டை வெறும் வாயால பிடுங்குனா நாளைக்கு நாலு பேரு நம்மளைப் பேசுவானா மாட்டானா? என்னத்தையாச்சும் காட்டணும்லா. உம்ம படம் இருந்துச்சு. அது இல்லாட்டா வேற ஒண்ணு இருந்திருக்கும். நீரு இல்லைன்னு சொல்லியிருந்தாக்கூட, அண்ணன் தம்பிக்குள்ள மனஸ்தாபம், அதான் மாத்திப் பேசுதான்னு சொல்லி முடிச்சிருப்போம். போட்டு மனசை அலட்டாதேயும்.”

பூவனநாதன் கேட்டது வேறு.

“அப்போ படத்தை யாரும் நம்பவே இல்லையா?”

“படத்தை எதுக்கு நம்பணும்? படம்னா பாக்கத்தான். நல்லாத்தான் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரிகூடச் சொன்னா.” ராமசுப்பு திரும்பி, புதுப் பெயிண்ட் அடித்த ஹால் சுவரைக் காட்டினார். “நானே ஆள் விடணும்னு இருந்தேன். இந்தச் செவுரு மொட்டையா நிக்கு. தோட்டம் பச்சையா இருக்குமே, அந்தக் கார்த்திகை மாசத்துப் படம் ஒண்ணு குடும். பிரேம் நான் போட்டுக்கிடுதேன்.”

பூவனநாதன் சுவரைப் பார்த்தார். எழுந்து பக்கத்தில் போனார். ஜன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பார்த்தார். இரண்டு எட்டுப் பின்னால் வந்து கண்ணைச் சுருக்கினார்.

“கார்த்திகை வேண்டாம் அண்ணாச்சி. இந்தச் செவுத்துக்குப் பச்சை எடுப்பா இருக்காது. தை மாசப் படம் ஒண்ணு இருக்கு, மல்லி பூத்து நிக்கிறது. பனி விழுந்திருக்கும். அதைக் கொண்டாரேன், பாருங்க.”